சிறு காயமும் மூன்று 'நரம்பு'களும்

விரலில் வெட்டுப்பட்ட ஒருவரைக் கண்டால் நம்மவர் முதலில் கேட்பது, "நரம்பு கிரம்பு அறுந்துவிடவில்லையே?" என்பதுதான். கேள்வி நல்ல கேள்வியே. ஆனால் கேட்பவருக்கும் விடை சொல்பவருக்கும் அச்சொல்லின் பொருள் ஒன்றாக இருப்பதில்லை. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். மணிக்கட்டை மடக்கும்போது தோலுக்கடியில் கயிறுபோல் விறைத்து நிற்பதையும் நரம்பு என்கிறோம். சூடு, குளிர், வலி முதலியவற்றை மூளைக்கு எடுத்துச் செல்லும் உண்மையான நரம்பையும் அதே பெயரால்தான் அழைக்கிறோம். இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. நாம் வந்து படிக்கும் இந்தத் தில்லி மாநகரில் 'நஸ்' என்னும் இந்திச் சொல்லும் இம்மூன்றையும் ஒருங்கே சுமக்கிறது.

சென்ற ஆகஸ்டு மாதம் என் வலக்கை மோதிர விரலில் ஒரு சிறிய இரண சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. இம்மூன்று 'நரம்பு'களையும் வேறு பிரித்து அறிந்த ஒருவர் உடனிருந்ததால்தான் அச்சிகிச்சை உரிய காலத்தில் நடந்தது. அந்த அறிவு மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடங்களில் எவரும் கற்றுக்கொள்ளலாம். அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரலை இயக்குவது எது?

நம் கையில் இருபத்தேழு எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இவற்றுள் விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரலிலே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இடக்கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இறுகப் பற்றிக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். பிடித்த இடத்தில் தசை நெளிவதை உணரலாம். பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னால் நின்று நூலை இழுக்க, மேடையில் பொம்மை கை வீசுவதில்லையா? அதுபோலவே முன்கையிலுள்ள தசை இழுக்க, விரல் மடங்குகிறது. இடையிலுள்ள நூலுக்குத்தான் தசைநாண் என்று பெயர். வில்லின் நாணைப்போல் வெண்மையும் உறுதியும் வாய்ந்தது அது.

கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் உண்டு. மேலாக ஓடும் நாண் விரலின் நடு எலும்போடு முடிந்துவிடுகிறது. ஆழமாக ஓடும் நாண், மேல் நாண் இரண்டாகப் பிரியும் இடைவெளியில் புகுந்து சென்று, நுனி எலும்பில் பற்றிக்கொள்கிறது. தூண்டிற்கோலின் வளையங்களுக்குள் நூல் செல்வதைப்போல, எலும்போடு ஒட்டிய சில வளையங்களுக்குள் இவ்விரு நாண்களும் வழுக்கிச் செல்கின்றன. விரலின் இரு பக்கங்களிலும், பக்கத்துக்கு ஒன்றாக, ஓர் உணர்வு நரம்பும் ஓர் இரத்தக் குழாயும் இணைந்து ஓடுகின்றன. இவ்வளவும் ஒரு விரற்கடை அகலத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். ஆழ்ந்த நாண் மட்டும் அறுந்தால் நுனி மூட்டு ஒன்றுதான் செயலிழக்கும். மேல் நாண் நன்றாக இருப்பதால் விரலின் மற்ற மூட்டுகள் மடங்கவே செய்யும். "விரலை மடக்கு" என்றால் காயம்பட்டவன் மடக்கிக் காட்டுவான். பார்ப்பவர், "ஒன்றுமில்லை" என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார். ஏமாற்றம் நேர்வது இங்கேதான்.

மாஞ்சா செய்த வேலை

ஆகஸ்டு மாதத்தில் தில்லி வானமெங்கும் காற்றாடி பறப்பதை நாம் அறிவோம். சுதந்திரத் திருநாளையொட்டிய அந்த வாரங்களில் அறுந்த மாஞ்சா நூல்கள் மரங்களிலும் மின்கம்பங்களிலும் சிக்கிச் சாலையின் குறுக்கே தொங்கும். சென்னையிலும் மாஞ்சாவின் கொடுமை தெரியாதவர் இல்லை. கண்ணாடித் தூள் பூசிய நூல் கூரிய கத்திக்குச் சமம். நைலான் நூலாக இருந்தால் அறுபடவும் மறுக்கும். 2017-ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவுக்கு நாடெங்கும் தடை விதித்தது. தடை ஏட்டில் இருக்கிறது. நூல் சாலையில் இருக்கிறது.

மாலை வேளையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் கழுத்தை நோக்கி அத்தகைய நூல் ஒன்று வந்தது. கை தானாகவே உயர்ந்து அதைப் பற்றித் தள்ளியது. கழுத்து தப்பியது, விரல் அகப்பட்டது. காயம் அரை அங்குலந்தான். மோதிர விரலின் உட்பக்கத்தில், நுனி மூட்டு ரேகைக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்ததும் இரத்தம் நின்றுவிட்டது. அருகிலிருந்த சிறு சிகிச்சைக் கூடத்தில், விரலை மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நஸ் டீக் ஹை" என்றார்கள். இரண்டு தையல் போட்டால் போதும் என்பது அவர்கள் கருத்து.

உடன் வந்த நண்பர் நம் சங்கத்தைச் சேர்ந்தவர், மருத்துவம் படிப்பவர், எனக்கு மூத்தவர். அவர் என் விரலின் நடுப்பகுதியை நேராகப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நுனியை மட்டும் மடக்கு, பார்ப்போம்" என்றார்.

நுனி அசையவில்லை. எவ்வளவு முயன்றாலும், அது எனக்கு உரியதே அன்று என்பதுபோல் நின்றது.

"எந்த நஸ் டீக் ஹை என்று அவர்களைக் கேட்க வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அண்ணன். அன்றிரவே ஒரு பெரிய மருத்துவமனையின் கை இரண சிகிச்சைப் பிரிவுக்கு என்னை அழைத்துச் சென்றார். காயத்தைக் கழுவி, இரணஜன்னித் தடுப்பூசி போட்டு, மறுநாள் சிகிச்சை என்று குறித்தார்கள்.

மூன்று கேள்விகள், மூன்று சோதனைகள்

கையில் காயம்பட்டால் மூன்று 'நரம்பு'களுக்கும் மூன்று கேள்விகள் உண்டு. இரத்தம் நின்றபின், கையை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவதற்கு முன், இவற்றைக் கேட்டுவிட வேண்டும். மரத்தபின் கேட்டால் இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்காது.

முதற் கேள்வி இரத்தக் குழாயைப் பற்றியது. விரல் நுனி மற்ற விரல்களைப்போல் சிவந்தும் வெதுவெதுப்பாகவும் இருக்கிறதா? நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிடில் அது உடனடி ஆபத்து.

இரண்டாவது, உண்மையான நரம்பைப் பற்றியது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, விரல் நுனியின் இரு பக்கங்களையும் பஞ்சாலோ காகித ஓரத்தாலோ மெல்லத் தொட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா? ஒரு பக்கம் மரத்திருந்தால் அப்பக்கத்து நரம்பு அறுபட்டிருக்கலாம்.

மூன்றாவது, தசைநாணைப் பற்றியது. விரலின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னால் ஆழ்ந்த நாண் தெரியும். மற்ற விரல்களை நேராகப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு விரலை மட்டும் மடக்கச் சொன்னால் மேல் நாண் தெரியும். விரல் நுனியை நீட்டவும் சொல்ல வேண்டும். புறங்கைப் பக்கத்து நாண் அதில் தெரியும். வலியால் மடக்க முடியாதவருக்கு மற்றொரு வழியும் உண்டு. உள்ளங்கை மேல்நோக்கியிருக்கக் கையைத் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். இயல்பான கையில் ஆள்காட்டி விரல் சற்றே வளைந்தும், சிறுவிரல் பக்கம் செல்லச் செல்ல வளைவு கூடியும் இருக்கும். அவ்வரிசையில் ஒரு விரல் மட்டும் நேராக நீண்டு கிடந்தால் அங்கே நாண் அறுந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும்.

இம்மூன்றில் ஒன்று பிழைத்தாலும், காயம் எவ்வளவு சிறியதாயினும், கை இரண சிகிச்சை தெரிந்தவரிடம் செல்ல வேண்டும். மூன்றும் சரியாக இருந்தாலும் காயம் ஆழமானால் மருத்துவர் பார்த்துவிடுவதே நலம். பாதி அறுந்த நாண் சோதனையில் தேறிவிடக்கூடும்.

நாட்கணக்கு ஏன்?

அறுந்த நாண் அறுந்த இடத்திலேயே காத்திருப்பதில்லை. முன்கைத் தசை எப்போதும் இழுத்துக்கொண்டே இருப்பதால் மேல் முனை உள்ளே சென்று ஒளிந்துகொள்கிறது; சில சமயம் உள்ளங்கை வரைக்கும்கூடப் போய்விடும். சில நாட்களுக்குள் தைத்தால் இரு முனைகளையும் எளிதாகச் சேர்க்கலாம். ஓரிரு வாரம் வரையிலும் பெரும்பாலும் கைகூடும். அதற்கப்பால் தசை சுருங்கிவிடும். நாண் ஓடிய குழலும் வடுவால் தூர்ந்துவிடும். அப்போது வேறிடத்திலிருந்து ஒரு நாணை எடுத்து ஒட்டுப்போடும் பெரிய சிகிச்சை தேவைப்படலாம். பலனும் குறையும். தோல் ஆறிவிட்டது என்று மகிழ்ந்திருப்பவர், ஒரு மாதம் கழித்து வாளியின் பிடி நழுவும்போதுதான் நுனி மடங்காததைக் கவனிப்பார்.

மரக்கச் செய்யும் மருந்தின் கதை

இரண சிகிச்சை என்றதும் மயக்கம் கொடுப்பார்களோ என்று அஞ்சினேன். தேவையில்லை என்றார்கள். கையை மட்டும் மரக்கச் செய்யும் கலை 1884-இல் பிறந்தது. வியன்னா நகரில் கார்ல் கோல்லர் என்ற இளம் மருத்துவர், கொக்கேயின் கரைசலைக் கண்ணில் இட்டால் கண் உணர்விழக்கிறது என்று கண்டார். கொக்கேயினின் தீமைகள் விரைவில் தெரியவந்ததால் மாற்று மருந்து தேடினார்கள். 1943-இல் சுவீடன் நாட்டில் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கிய லிக்னோகைன்தான் இன்று பல் பிடுங்குவது முதல் விரல் தைப்பது வரை நமக்குத் துணை நிற்கிறது.

இதில் சுவையான பகுதி ஒன்றுண்டு. லிக்னோகைனோடு சிறிதளவு அட்ரினலின் கலந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்தம் கசிவது குறையும். ஆனால் விரலில் மட்டும் அதைப் போடலாகாது, விரல் அழுகிவிடும் என்று பாடநூல்கள் பல தலைமுறைகளாக எச்சரித்து வந்தன. கனடா நாட்டின் டொனால்டு லலோண்டும் அவர்தம் தோழர்களும் இதைத் துணிந்து சோதித்தார்கள். கையிலும் விரல்களிலும் அட்ரினலின் போட்ட 3,110 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு விரல்கூட அழுகவில்லை. பழைய ஊசிமருந்துகள் நாட்பட்டுப் புளித்து அமிலமாகியதே முற்காலக் கேடுகளுக்குக் காரணமாயிருக்கலாம் என்று பின்னர் விளக்கினார்கள். அதன் பயனாக, முன்போல் புயத்தில் இறுக்கக் கட்டுப் போடாமலும், மயக்கம் கொடுக்காமலும், நோயாளி விழித்திருக்கவே நாணைத் தைக்க முடிகிறது. பாடநூலில் அச்சேறிய கூற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு மாணவர்களாகிய நமக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

மேசைமீது ஒரு மணி நேரம்

உள்ளங்கையிலும் விரலடியிலும் ஊசி போட்டார்கள். முதலில் சுருக்கென்று எரிந்தது. சிறிது நேரத்தில் அடங்கியது. தோல் வெளுத்தது. மருந்து முழுதும் வேலை செய்ய அரைமணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு கையைப் பச்சைத் துணியால் மூடி வேலையைத் தொடங்கினார்கள். தொடுவது தெரிந்தது, வலி தெரியவில்லை. தையற்காரர் நம் சட்டைக் கையைப் பிடித்து அளவெடுப்பதுபோல் ஏதோ இழுபடுவது மட்டும் புரிந்தது.

காயத்தை மேலும் கீழும் நீட்டித் திறந்தபோது நேர்கோடாக வெட்டவில்லை. 'ட'கரத்தை அடுக்கினாற்போல் கோணல்மாணலாக வெட்டினார்கள். காரணம் கேட்டேன். வடு எப்போதும் சுருங்கும். விரலின் ரேகைகளை நேர்குத்தாகக் கடக்கும் வடு சுருங்கினால் விரலையே மடக்கி இழுத்துவிடும். கோணலாகச் சென்றால் அத்தொல்லை இல்லை. இம்முறையை 1967-இல் புரூனர் என்ற அமெரிக்க மருத்துவர் எடுத்துரைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒளிந்திருந்த முனையைத் தேடிப் பிடித்து, மெல்லிய இழையால் பலமுறை குறுக்கே ஊடுருவித் தைத்தார்கள். எத்தனை இழைகள் குறுக்கே செல்கின்றனவோ அத்தனைக்கு உறுதி. தைத்து முடித்ததும் மருத்துவர், "பேட்டா, உங்லீ மோடோ" என்றார். விரல் மரத்திருந்தாலும் அதை இழுக்கும் தசை முன்கையில் விழித்துத்தானே இருக்கிறது! மடக்கினேன். தைத்த இடத்தில் இடைவெளி விழுகிறதா, வளையத்தில் சிக்குகிறதா என்று அவர் நேரில் பார்த்துக்கொண்டார். மயக்கத்தில் கிடப்பவனிடம் இச்சோதனையைச் செய்ய இயலாது. முன்தினம் அசையாதிருந்த நுனி அசைவதை நானும் பார்த்தேன். தோலைத் தைத்து, கையின் பின்புறம் வளைந்த தாங்கி வைத்துக் கட்டினார்கள். அன்று மாலையே விடுதி திரும்பினேன்.

மருத்துவரின் மணி ஒன்று, நம் வாரங்கள் பன்னிரண்டு

"என் வேலை முடிந்தது, இனி உன் வேலை" என்று சொல்லி அனுப்பினார் அவர். சிகிச்சையின் பெரும்பகுதி பின்னர்தான் நடக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தைத்த நாண் ஆறும்போது தன்னைச் சுற்றியுள்ளவற்றோடும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அசைக்காமலே வைத்திருந்தால் ஒட்டிக்கொண்டு விரல் விறைக்கும். பலமாக அசைத்தாலோ தையல் அறுந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையே மெல்லிய பாதை ஒன்றே உண்டு. முன்பெல்லாம் விரலின் அடிப்பகுதியில் அறுந்த நாண்களை உடனே தைக்கவே அஞ்சினார்கள். அப்பகுதியை 'எவருக்கும் உரியதல்லாத நிலம்' என்று போர்க்களப் பெயரால் அழைத்தார்கள். 1967-இல் ஹெரால்டு கிளைனெர்ட்டும் தோழர்களும் உடனே தைத்து, ரப்பர் இழையின் துணையோடு தொடக்கத்திலேயே அளவாக அசைத்தால் நல்ல பலன் உண்டு என்று காட்டியபின் நிலைமை மாறியது.

எனக்குத் தாங்கி ஆறு வாரம் இருந்தது. பகலில் மணிக்கொரு முறை, பயிற்சியாளர் கற்பித்த அளவில், இடக்கையால் விரலை மடக்குவதும், தாங்கி தடுக்கும் வரை நீட்டுவதும் என் கடமை. தையல் இரண்டு வாரத்தில் பிரிக்கப்பட்டது. பளு தூக்க மூன்று மாதம் தடை. கை தொங்கினால் வீங்குமாதலால் தூங்கும்போதும் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். சாம்பார் சாதத்தை இடக்கைக் கரண்டியால் உண்ணும் சங்கடத்தையும், கையைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டிக்கொண்டு குளிக்கும் கோலத்தையும் விடுதி நண்பர்கள் நன்கு அறிவார்கள். இந்த அசைவு முறை ஒவ்வொருவர் காயத்துக்கும் வேறுபடும். ஆகையால் என்னுடையதைப் பார்த்து எவரும் தாமே செய்துகொள்ள வேண்டாம்.

தைப்பதோடு பணி முடிவதில்லை, கையை மீண்டும் வேலைக்குப் பழக்க வேண்டும் என்ற கொள்கைக்கு நம் தமிழகத்தில் நெடிய மரபு உண்டு. டாக்டர் பால் பிராண்டு 1940-களின் இறுதியில் வேலூரில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு நல்ல தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, பயிற்சியால் அவற்றை இயங்கச் செய்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்த கைச் சிகிச்சைப் பிரிவு, ஆலைகளிலும் பட்டறைகளிலும் கை சிதைந்த ஏழைத் தொழிலாளர்களுக்குப் புகலிடமாயிற்று. ஊருக்குச் சென்றிருக்கும்போது இத்தகைய காயம் நேர்ந்தால், வழி தெரியாமல் நிற்க வேண்டியதில்லை.

இன்று என் விரல் நுனி மடங்குகிறது. மற்றக் கையளவு முழுமையாக இல்லை; ஆயினும் பேனாவுக்கும் வாளிக்கும் போதுமானது.

விடுதியில் செய்ய வேண்டியவை

காயத்தை ஓடும் நல்ல நீரில் கழுவுங்கள். தூய துணியால் அழுத்தி, கையை இதயத்துக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். விரலடியில் நூலாலோ ரப்பராலோ இறுகக் கட்டாதீர்கள்; இரத்தம் நிற்பதற்குப் பதில் விரல் நிற்காது போகலாம். காப்பித் தூள், மஞ்சள் தூள், மை எதையும் அப்பாதீர்கள். அவை அழுக்கைச் சேர்ப்பதோடு, மருத்துவர் பார்க்க வேண்டியதையும் மறைத்துவிடும். விரல் துண்டாகவே போய்விட்டால் அத்துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து உடன் கொண்டு செல்லுங்கள். பனிக்கட்டி நேராகப் படக்கூடாது. அறுந்துபோன கட்டைவிரலை நுண்ணோக்கியின் துணையால் ஒட்டவைக்கும் சிகிச்சை 1965-லேயே ஜப்பானில் வெற்றி கண்டது. ஆகவே துண்டை ஒருபோதும் எறிந்துவிடலாகாது.

நண்பர்களே! இப்பக்கத்தைப் புரட்டுமுன் உங்கள் நல்ல கையிலேயே அம்மூன்று சோதனைகளையும் ஒருமுறை செய்து பாருங்கள். இயல்பு எப்படி இருக்கும் என்பது தெரிந்தவருக்கே குறை கண்ணில் படும். நாளை உங்கள் அறைத் தோழர் கண்ணாடித் தம்ளர் உடைந்து விரலை அறுத்துக்கொண்டு வந்து நின்றால், "நரம்பு அறுந்துவிட்டதா?" என்று கேளாதீர்கள். நுனி சிவப்பாக இருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா, தனியாக மடங்குகிறதா என்று கேளுங்கள். அக்கேள்விகளுக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில் ஒருவருடைய விரல் காப்பாற்றப்படலாம்.